கடைசிக் கை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எனக்கு அந்தக் குணம் கிடையாது. எழுத வேண்டிய இடத்தில் அதை எழுத வைத்துவிட்டேன். இங்கே வேறு எதற்கு?

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைனில் இருந்தபோது, அவர் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நேரில் எல்லோருக்கும் ‘சார்’. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ‘கடைசிக் கை’. எந்த மெஷின் நின்றாலும் ஓடி வந்து அவர் முதலில் கேட்பது, “கடைசியா யார் கை வச்சது?” என்பதுதான். என்ன ஆச்சு, ஏன் நின்றது என்பதெல்லாம் அப்புறம். சட்டைப் பையில் ஒரு ஸ்லிப் புத்தகம் வைத்திருப்பார். தேதி, மெஷின் நம்பர், நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் ‘கடைசியாகத் தொட்டவர்’. அதில் ஒரு பெயர் ஏறாவிட்டால் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது.

சத்தம் போட மாட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற சூப்பர்வைசர்கள் போடுகிற கத்தலில் எங்களுக்குக் காதே மரத்துப்போயிருக்கும். இவர் வாம்மா, போம்மா என்றுதான் பேசுவார். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு விபூதிப் பொட்டலத்தோடு ஷிப்டுக்கு வருவார். லைன் முழுக்க நடந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை வைப்பார். மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள்கூட அவர் மனம் கோணக்கூடாது என்று வாங்கிக்கொள்வார்கள். வேலையும் தெரிந்தவர், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பேரிங் போகப் போகிறது என்று அவர் சொன்னால் அந்த வாரத்துக்குள் போய்விடும். “மெஷின் தப்பு பண்ணாதும்மா, கைதான் தப்பு பண்ணும்” என்பார். இதைச் சொல்லும்போது சிரிக்கவும் சிரிப்பார்.

எங்கள் லைனில் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளுடைய கையுறை கன்வேயரில் மாட்டிக்கொண்டு கையை இழுக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற நாங்கள் கத்தினோமே தவிர ஒருத்திக்கும் கை ஓடவில்லை. இவர் எங்கிருந்தோ ஓடி வந்து சிவப்புப் பட்டனை அடித்தார். கையை உறையிலிருந்து மெல்ல உருவி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்து, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். எங்களுக்கெல்லாம் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஸ்லிப் புத்தகத்தை எடுத்தார். லைன் இத்தனை நிமிடம் நின்றது, கடைசியாகத் தொட்டவர் இவர் என்று அவள் பெயரை எழுதி, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையிலேயே பேனாவைக் கொடுத்தார். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

இன்றைக்கும் அவள் போனில் பேசினால், “எனக்கு வெரலத் திருப்பித் தந்த மனுசன்லா அவரு” என்பாள். அவளுக்கு அவர் தெய்வம். நான் எதிர்த்துப் பேசுவதில்லை, விரல் அவளுடையது.

இனி என் கதை. ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பல்லுள்ள பிளாஸ்டிக் பட்டி ஒன்று உண்டு, டை என்போம். இழுத்து இறுக்கி, மீதி நீளத்தைக் கட்டரால் வெட்டிவிட வேண்டும். லைனில் எங்களுக்குக் கறுப்பு டை. மெயின்டனன்ஸ்காரர்களுக்கு மஞ்சள். வெட்டிய துண்டு எங்கேயாவது விழுந்து கிடந்தால் யாருடையது என்று நிறத்தைப் பார்த்தே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று சொல்வார்கள்.

அன்று முதல் ஷிப்டு. நான் நிற்கும் டெஸ்ட் மெஷினை அவர் காலையில் திறந்து பி.எம். செய்தார். பி.எம். என்றால் மெஷின் கெடுவதற்கு முன்னாலேயே திறந்து துடைத்து, இறுக்க வேண்டியதை இறுக்கி மூடும் பராமரிப்பு. அவர் மூடிவிட்டுப் போய் இரண்டு மணி நேரத்தில் மெஷின் என் கையில் நின்றது. வந்தார். குனிந்து சென்சாருக்குக் கீழே இடுக்கியை விட்டு எதையோ எடுத்தார், கையை மூடிக்கொண்டார். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். நகத்தளவு, மஞ்சள் நிறம். அது அவருடைய பைக்குள் விபூதிப் பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்தது. ஸ்லிப் வெளியே வந்தது.

காலையில் நீங்கள்தானே சார் திறந்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும் தைரியம் எப்படி வந்ததோ. அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“பி.எம். தொடுறது தொடுறதுல சேராதும்மா. கையெழுத்து போட்டுட்டுப் போ. சும்மா ஃபார்மாலிட்டிதான்.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆனால் அந்த மாமியாருக்கும் உள்ளுக்குள் உண்மை தெரியும். இவர் தன் கையைக் கையாகவே நினைக்கவில்லை. அந்தக் கட்டம் மற்றவர்களுக்காக அச்சடித்தது என்று முழு மனதோடு நம்பினார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதியதைவிட நான் போட்டதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் வந்தபோது அந்த ஸ்லிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். வேறு பேச்சே இல்லை. சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “நீ ஒழுங்கா இருந்திருந்தா அவங்க இன்னாத்துக்கு உன் பேர எழுதப் போறாங்க?” என்றார். கம்பெனி என்னை அனுப்பியதுகூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டு மெஷின்கள் ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொண்டு, சுங்குவார்சத்திரத்தில் எல்லாக் கம்பெனி மெஷினும் பார்க்கிற கடை ஒன்றில் சேர்ந்தேன். வாஷிங் மெஷின் எல்லோரும் பார்ப்பார்கள். பாத்திரம் கழுவும் மெஷின் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. நம் சமையலுக்கு அந்த மெஷின் படுகிற பாடு கொஞ்சமில்லை. தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் கையில் இருக்கிற ஓட்டைக்கு அளவெடுத்தது போலக் கடுகு போய் உட்காரும். முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலைக் காம்பும் வடிகட்டியில் பாய் முடைந்து வைக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்புக்கு, மெஷினுக்கென்று விற்கும் பெரிய கல் போன்ற உப்பைப் போட வேண்டும். ஒரு வீட்டில் அது தீர்ந்துவிட்டது என்று சாம்பாருக்குப் போடும் பொடி உப்பைக் கொட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சிங்க்கில் தேய்க்கும் சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஹால்வரை நுரை. நான் யாரையும் திட்டியதில்லை. யார் செய்தது என்று கேட்டதும் இல்லை. அந்தக் கேள்வியை வாயில் வைக்கவே எனக்கு அருவருப்பு.

ஆனால் அவரை மறந்தேன் என்று சொன்னால் வல்லக்கோட்டை முருகன் சிரிப்பான். ஒவ்வொரு மெஷினுக்குக் கீழேயும் படுத்துக்கொண்டு அவருக்கு என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுத் தொலை என்று கடையில் சொல்வார்கள். பழங்கஞ்சியை விரும்பிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வெளியே போகாமல் மெஷினுக்குள்ளேயே நிற்கிறதாம். கதவைத் திறந்தது அவர்.

ரிட்டயர் ஆகியிருந்தார். நெற்றியில் அதே விபூதி. என்னை ஏற இறங்கப் பார்த்து, “பொம்பளப் புள்ளையத்தான் அனுப்பிக்கிறாங்களா? பரவால்ல, வாம்மா” என்றார். அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பெயர் எழுதியவர், அதில் நான் எத்தனையாவதோ.

நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு அதிகாரியிடமிருந்து வாங்கிய மெஷினாம். பட்டன்களில் இருந்த எழுத்து புரியாததால் ஒவ்வொன்றுக்கும் தமிழில் சீட்டு ஒட்டியிருந்தார். பக்கத்தில் ஆணியில் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. தேதி, போட்ட நேரம், எடுத்த நேரம், கோளாறு. கடைசிக் கட்டம் அதேதான்.

ஒரு தட்டில் பருக்கை ஒட்டியிருந்தால் ஒரு வரி, ஒரு டம்ளரில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் ஒன்று அவர் மனைவி பெயர், இல்லாவிட்டால் வேலைக்கு வரும் தேவகி அக்கா பெயர். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ‘பி.எம்.’ என்று எழுதி ஒரு டிக். பெயர் கிடையாது.

மனைவி ஹாலில் உட்கார்ந்திருந்தார். வாஷ்பேசின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு தனியாகக் கவிழ்த்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “அது என்னுது. இப்பல்லாம் நான் அந்த மெஷின் பக்கமே போறதில்ல, என் தட்ட நானே கழுவிக்கிறேன்” என்றார். சொந்த வீட்டில் அந்த அம்மா நோட்டுக்குப் பயந்து வாஷ்பேசினில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

தேவகி அக்கா சமையலறை மூலையில் நின்றார். மேடையில் ஒரு ஸ்லிப். முருங்கைச் சக்கையோடு தட்டை மெஷினில் வைத்து பம்பைக் கெடுத்தது அவர்தான் என்று எழுதி முடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கையெழுத்து வாங்கியதும் அதைப் போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாசிகளின் போன் குரூப்பில் போட்டுவிடுவதாகச் சார் சொல்லியிருந்தார். மற்றவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். அந்தக் கட்டடத்தில் தேவகி அக்காவுக்கு நாலு வீடு. ஒரு வீட்டில் அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்லிப் வெளியே போனால் நாலும் போகும்.

“சக்கையெல்லாம் வழிச்சுக் கொட்டிட்டுத்தான்மா வச்சேன். நான் சைன் போட மாட்டேன்” என்றார் அக்கா என்னிடம், நான்தான் தீர்ப்புச் சொல்ல வந்தவள் போல.

எனக்கு அந்த நிமிடம் அக்காவின் மேல் பொறாமைதான் வந்தது. நான் சொல்லாத வார்த்தையை அவர் சொல்லிவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கினேன். தேங்கிய தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, மீதியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். கீழே இருந்த வடிகட்டியில் கைவைத்தவுடன் அது தானாகவே கழன்று வந்தது. அதைத் திருகி ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை பூட்ட வேண்டும், பூட்டவில்லை. வடிகட்டியில் முருங்கைச் சக்கை ஒரு நார்கூட இல்லை. அதைக் கழற்றிக் கழுவுவது யார் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழம பி.எம். நான்தான் பண்றேன். பொம்பளைங்களுக்கு அதெல்லாம் தெரியாது” என்றார் பெருமையாக.

பம்பின் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். தண்ணீரை வெளியே தள்ளும் சின்னச் சக்கரம் அசையவில்லை. டார்ச் அடித்து, மூக்குக் குறடை விட்டு மெதுவாக இழுத்தேன். வந்தது.

நகத்தளவு. மஞ்சள்.

கை நடுங்கியது என்று சொன்னால் அழகாக இருக்கும், நடுங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆறு வருடமாகக் கேட்ட வரத்தை முருகன் குறடு முனையில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து மெஷினுக்குள் பாத்திரம் அடுக்கும் மேல் அடுக்கைப் பார்த்தேன். ‘இங்கே குக்கர் வைக்கக் கூடாது’ என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை, நாலு மூலையிலும் மஞ்சள் டையால் கட்டியிருந்தது. உள்ளே வைத்தே மீதி நீளத்தை வெட்டியிருக்கிறார். துண்டு கீழே விழுந்து, பூட்டாத வடிகட்டியின் சந்து வழியாகப் பம்புக்குள் போயிருக்கிறது.

“குடும்மா, பாக்கலாம்” என்று உள்ளங்கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. அந்தக் கை எப்படி மூடும் என்று எனக்குத் தெரியும். மேடையில் இருந்த வெள்ளைப் பீங்கான் தட்டின் நடுவில் துண்டை வைத்தேன். என்ன அது என்று கேட்டுக்கொண்டே மனைவி எழுந்து வந்து, சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“மஞ்சள்தானே? பெட்ரூம்ல ஒரு டப்பா நெறைய கீது. கொடிக்கயிறுகூட அதுலதான் கட்டிக்கிறாரு” என்றார்.

சார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறவில்லை. அப்புறம் அதே பொறுமையோடு சொன்னார், பி.எம். தொடுறது தொடுறதுல சேராது என்று. கடைசியா மெஷினைப் போட்டது தேவகிதான், அதைத்தான் எழுத முடியும் என்றும் சொன்னார். வெட்கப்பட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் இறங்கியிருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

தேவகி அக்கா மேடையிலிருந்த ஸ்லிப்பை எடுத்தார். நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். “இது என்கிட்டயே இருக்கட்டும் சார். நாலு வூட்லயும் நானே காட்டிக்கிறேன், அந்த மஞ்சத் துண்டோட” என்றார். சார் தடுக்கவில்லை.

பம்பை மூடினேன். வடிகட்டியை ‘டக்’ என்று பூட்டி, சத்தத்தை எல்லோரும் கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டேன். உள்ளே இரண்டு தட்டு வைத்து, சின்ன ஓட்டம் ஒன்று ஓட்டினேன். தண்ணீர் சிங்க் குழாயில் சளசளவென்று இறங்கியது. அவர் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடம் பழைய லைனில் நிற்பது போல இருந்தது. அவர்மேல் மரியாதையும் வந்தது, எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஓட்டம் முடிந்தது. நோட்டை ஆணியிலிருந்து எடுத்து, கோளாறு சரிசெய்யப்பட்டது என்று எழுதினார். பேனாவைக் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“உன் பேர் என்னம்மா?”

“தனலட்சுமி சார். மூணாவது லைன், டெஸ்ட் மெஷின்” என்றேன்.

பேனா நிற்கவில்லை. கட்டத்துக்குள் அடங்கும்படி உருண்டை உருண்டையாக என் பெயரை எழுதி முடித்தார். கடைசியாகத் தொட்டவர், தனலட்சுமி. இரண்டாவது முறை. லைன், மெஷின் எதுவும் அவர் காதில் விழவில்லை, எழுதுவதற்கு ஒரு பெயர் கிடைத்ததும் அவருக்குப் போதும்.

ஆறு வருடமாக நான் எழுதி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறு. தட்டு சுத்தமாகியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் சார் என்றேன், ரொம்பப் பணிவாக. வேலை தெரிந்தவர் அல்லவா, ஆசையாகக் குனிந்தார். கதவைத் திறந்து ஒரு தட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்து, கீச்சென்று சத்தம் வருகிறதா என்று சோதித்தார். திருப்தியாக உள்ளே வைத்துக் கதவை மூடினார்.

“இப்ப கடைசியா யார் சார் கை வச்சது?” என்றேன்.

தேவகி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சார் மெஷினைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். இது பி.எம். இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அவருடைய சட்டத்தில் அவருக்கே ஓட்டை கிடைக்கவில்லை. நோட்டை மாட்டிவிடலாமா என்று ஆணியை நோக்கிக் கை போனது.

“எழுதுங்க” என்றார் மனைவி வாசலிலிருந்து.

அவ்வளவுதான் சொன்னார். அந்த நோட்டில் எத்தனை பக்கத்தில் அந்த அம்மா பெயர் இருந்தது என்று நான் பார்த்திருந்தேன். சாரும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை மறுபடி மேடையில் வைத்தார். என் பெயருக்குக் கீழே ஒரு புது வரி போட்டார். தேதி, நேரம். கடைசிக் கட்டத்தில் இனிஷியலோடு முழுப் பெயர். அதுவரை எனக்கு அவர் முழுப் பெயர் தெரியாது. எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

“கையெழுத்து போடுங்க சார்,” என்றேன். “சும்மா ஃபார்மாலிட்டிதான்.”

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்து முதல்முறையாக என் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்த லைன், எந்த மெஷின் என்று அவர் கண் என் முகத்தில் தேடியது. தேடட்டும் என்று டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். மறுபடி ஒருமுறை பெயரைச் சொல்லவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.